தினமும் துடைத்த கார்: கறுப்புப் பெயிண்டில் பளபளப்பை மீட்ட ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கார் ஏழு ஆண்டுப் பழையது. கறுப்பு நிறம். உரிமையாளர் பணி ஓய்வு பெற்ற பெரியவர். வாங்கிய நாள் முதல் காலையில் எழுந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் அதைத் துடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார். வாரம் ஒருமுறை கழுவுவார்: ஒரு வாளி, ஒரு பஞ்சு, பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம். கார் நிற்பது கூரையின் கீழ். இவ்வளவு கவனித்தும், பக்கத்தில் யாரும் கண்டுகொள்ளாமல் நிற்கும் இன்னொரு கறுப்புக் காரைவிடத் தம்முடையது சாம்பல் பூத்தாற்போல் இருந்தது அவருக்கு நீண்ட நாள் மனக்குறை.

அவரே ஒருமுறை முயன்றும் பார்த்திருக்கிறார். பளபளப்பு தரும் என்று சொல்லி விற்கப்பட்ட திரவம் ஒன்றை வாங்கிக் கார் முழுவதும் தேய்த்தார். அன்று மாலை கார் புதிது போல் இருந்ததாம். இரண்டு கழுவலுக்குப் பிறகு பழைய சாம்பல் திரும்பிவிட்டது. இதில் மர்மம் எதுவும் இல்லை. அத்தகைய திரவங்கள் பலவற்றில் கீறல் பள்ளங்களை எண்ணெயாலும் மெழுகாலும் நிரப்பும் பொருள்கள் இருக்கின்றன. நிரப்பியது கரைந்து போனதும் பள்ளம் மறுபடி தெரிகிறது. போதாக்குறைக்குப் பாத்திரச் சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்யப்பட்டது. மெழுகை அது விட்டுவைக்காது.

அவருடைய மகள் என்னுடன் வேலை பார்ப்பவர். விடுமுறை நாட்களில் நண்பர்களின் கார்களைப் பாலிஷ் செய்து பழகியவன் நான், தொழில்முறைக்காரன் அல்ல. அவர் கேட்டதால் போனேன். இந்த வேலையில் ஒரு பிழை என் கையால் நடந்தது. இதை எழுதிவைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் நாள் பார்த்தவை

கூரையடியில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தபோது காரில் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. பரவலான வெளிச்சம் மெல்லிய கீறல்களைக் காட்டிக்கொடுப்பதில்லை. எல்இடி டார்ச் ஒன்றை பானெட்டின் மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்ததும் ஒளிப்புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை போல் வட்ட வட்டமாகக் கோடுகள் எழுந்தன. டார்ச்சை நகர்த்தினால் வலையும் கூடவே நகர்ந்தது. கீறல்கள் உண்மையில் வட்டமாக இருப்பதில்லை. எல்லாத் திசையிலும் கிடக்கும் கோடுகளில் ஒளிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. ஆயிரக்கணக்கான அந்தக் கோடுகள் ஒளியைச் சிதறடிக்கும்போது கறுப்பு சாம்பலாகிறது. வெள்ளைக் காரிலும் இதே அளவு கீறல் இருக்கக்கூடும், அது காட்டிக்கொள்ளாது.

கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, கழுவிய பரப்பைத் தடவிப் பார்த்தோம். கூரையும் டிக்கியும் உப்புத்தாள் போல் நெருநெருத்தன. தண்ணீரில் போகாத அழுக்கு பெயிண்டோடு ஒட்டியிருந்தது. பக்கக் கண்ணாடிகளுக்குக் கீழே கடினநீர் காய்ந்த வெண்வளையங்கள். கூரையில் பறவை எச்சம் அரித்த தடம் இரண்டு.

அடுத்து, பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவி. உலோகத் தகட்டின் மேல் துரு தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியில் நிறமற்ற கிளியர் கோட். தொழிற்சாலையில் இவை அனைத்தும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை வரும் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட் சுமார் 40 முதல் 50 மைக்ரான். மனிதத் தலைமுடி ஒன்றைவிடக் குறைவு. பாலிஷ் என்பது இந்த மெல்லிய அடுக்கைச் சீவுவதுதான். கருவி மொத்தத் தடிமனைத்தான் சொல்லும். கிளியர் கோட்டில் எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது. கூரையில் 118, பானெட்டில் 112, டிக்கியின் நடுவில் 115. இடது பின்கதவு மட்டும் 240க்கு மேல் காட்டியது. "அந்தக் கதவுக்கு எப்போதாவது பெயிண்ட் அடித்தீர்களா?" என்று கேட்டேன். பெரியவர் சற்றுத் தயங்கி, மூன்றாம் ஆண்டில் ஒரு தூணில் உரசியதை ஒப்புக்கொண்டார். மகளுக்கு அது புதுச் செய்தி.

வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் வைத்துக் கதவின் கீழ் மூலையில் தேய்த்தேன். துணியில் கறுப்பு ஏறவில்லை. மேலே கிளியர் கோட் இருக்கிறது என்று அதற்குப் பொருள். அது இல்லாத பழைய முறைப் பெயிண்ட் என்றால் துணி நிறத்தை எடுத்துக்கொள்ளும். இந்தச் சின்னச் சோதனை மறுநாள் மாலை வேறு விதமாக நினைவுக்கு வந்தது.

எதைச் செய்வது, எதை விடுவது

மூன்று முடிவுகள் எடுத்தோம்.

முதலாவது, எல்லாக் கீறலையும் எடுக்கப்போவதில்லை. நகத்தை ஓட்டினால் சிக்கும் கீறல் ஆழமானது. அதை முழுவதும் போக்க வேண்டுமானால் சுற்றியுள்ள கிளியர் கோட்டை அந்த ஆழத்துக்குச் சீவ வேண்டும். அதன் விளிம்புகளை மழுக்கினாலே பாதி கண்ணுக்குத் தெரியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் யோசனையையும் அப்போதே கைவிட்டோம்.

இரண்டாவது, இயந்திரம். ஒரே அச்சில் சுழலும் வகை வேகமாக வெட்டும். ஒரே இடத்தில் சூட்டையும் ஏற்றும். பழகாத கையில் பெயிண்டைச் சுட்டுவிடும். சுழன்றுகொண்டே அலையும் இரட்டை இயக்க இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தேன். நேரம் அதிகமாகும், ஆனால் தவறு செய்வது கடினம். கடினம் என்றுதான் சொல்கிறேன், முடியாது என்றல்ல.

மூன்றாவதில்தான் விவாதம். மகளுக்கு, பெயிண்டின் மேல் கெட்டியாக இறுகும் செராமிக் பூச்சு வேண்டும் என்று ஆசை. அது ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்பது சரி. ஆனால் கெட்டியான பின் அதற்கு அடியில் இருக்கும் குறையைத் தொட வேண்டுமானால் பூச்சையே பாலிஷ் போட்டு எடுக்க வேண்டும். பூசும்போது ஓரிடத்தில் துடைக்கத் தவறினால் திட்டாக இறுகிவிடும். அதோடு, அது கீறலே விழாத கவசமும் அல்ல. இந்தக் கார் எப்படிப் பராமரிக்கப்படுகிறது என்பது மாறாத வரை அதில் பொருளில்லை என்று நினைத்தேன். ஏன் என்று மகளிடம் தனியாகச் சொன்னேன். பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஏழு ஆண்டுகள் ஒருவர் அன்போடு செய்த காரியம்தான் கெடுதலுக்குக் காரணம் என்பதை எந்த வாயால் சொல்வது?

கழுவலும் களிமண்ணும்

இரண்டு வாளிகள்: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். கம்பளிக் கையுறையால் கூரையிலிருந்து கீழ்நோக்கி வந்தோம். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பில் நனைத்தோம். வேலை முடிந்து அந்த இரண்டாம் வாளியின் அடியில் படிந்திருந்த மணலை மகள் கைப்பேசியில் படமெடுத்தார். ஒரே வாளியாக இருந்திருந்தால் அவ்வளவும் பெயிண்டின் மேல் ஏறி இறங்கியிருக்கும்.

கதவுகளின் கீழ்ப்பகுதியில் இரும்புத் துகள் கரைக்கும் திரவத்தைத் தெளித்தோம். ஊதா நிறத்தில் வழிந்தது. பிரேக்கிலிருந்து தெறித்த துகள்கள் கரைகின்றன என்று அர்த்தம். நாற்றம் தாங்காது, முகமூடி அணிவது நல்லது. வெண்வளையங்களில் சம அளவு தண்ணீர் கலந்த வினிகரை ஒரு நிமிடம் ஊறவிட்டுக் கழுவினோம். பல போயின. பெயிண்டை அரித்திருந்தவை நின்றன.

பிறகு, கழுவலில் போகாத அழுக்கைப் பிடித்தெடுக்கும் களிமண் கட்டி. வழுக்கும் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் இழுக்க வேண்டும். முதலில் கரகரவென்று பிடிக்கும்; நாலைந்து இழுப்பில் சத்தம் அடங்கி வழுக்கும். கூரை முடிவதற்குள் மஞ்சள் கட்டி பழுப்பாகிவிட்டது. ஒரு துண்டு கைதவறித் தரையில் விழுந்தது. பெரியவர் அதை எடுத்து அலசித் தந்தார். நன்றி சொல்லி வாங்கிக் குப்பையில் போட்டேன். மண் ஒட்டிய களிமண், உப்புத்தாள்தான்.

சோதனைச் சதுரமும் ஒரு துணியும்

பானெட்டில் அரை மீட்டர் சதுரத்தை டேப்பால் பிரித்துக்கொண்டேன். இயந்திரத்தில் மாட்டும் மென்மையான ஸ்பாஞ்சு பேடும் நுண் பாலிஷும் வைத்து ஆரம்பித்தால், கீறலில் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. நடுத்தரப் பேடில் பாதி போயிற்று. மைக்ரோஃபைபர் பேடும், பாலிஷைவிட வேகமாக வெட்டும் காம்பவுண்டும் வலையை அநேகமாக முழுவதும் எடுத்தன. ஆனால் பரப்பில் மெல்லிய மூட்டம் ஒன்றை விட்டுச் சென்றன. அதன் மேல் மென்மையான பேடில் நுண் பாலிஷ் போட்டதும் மூட்டம் விலகியது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் ஒன்றுக்கு நான்கு என்று கலந்து துடைத்தேன். பாலிஷின் எண்ணெய் கீறலை மறைத்துப் பொய் சொல்லாமல் இருக்க இது அவசியம். துடைத்த பிறகும் சதுரம் அப்படியே நின்றது. டேப்பை எடுத்ததும் எல்லைக் கோடு தெளிவாகத் தெரிந்தது: ஒருபுறம் சாம்பல், மறுபுறம் கிணற்று நீர் போன்ற கறுப்பு. பெரியவர் நெடுநேரம் அதன் முன் நின்றார்.

குறைந்த வலுவில் தொடங்கிப் படிப்படியாக ஏறியதற்குக் காரணம், தேவைக்கு மேல் ஒரு மைக்ரான்கூட எடுக்கக் கூடாது என்பதுதான். காம்பவுண்ட், அதன் பின் நுண் பாலிஷ் என்று இரண்டு கட்டம் போதும் என முடிவு செய்து, மறுநாள் தொடரலாம் என்று கிளம்பினோம்.

மறுநாள் காலை டார்ச்சைப் பிடித்தேன். முந்தைய நாள் துல்லியமாக இருந்த சதுரத்தில் புதிதாக மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே திசையில். நான் எதுவும் கேட்பதற்கு முன் பெரியவரே சொன்னார்: "காலையில் கொஞ்சம் தூசி படிந்திருந்தது தம்பி, துடைத்துவைத்தேன்." சொல்லி முடிக்கும்போதே அவர் பார்வை டார்ச் வெளிச்சத்தில் இருந்த கோடுகளுக்குப் போய், தோளில் கிடந்த துணிக்கு வந்தது. பிறகு துணியை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். நாங்கள் சொல்லத் தயங்கிய பேச்சு அத்தோடு முடிந்தது.

தூசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு நுண்மணல். உலர்ந்த துணி அதை எடுப்பதில்லை; பெயிண்டின் மேல் உருட்டிக்கொண்டு போகிறது. பக்கத்து வீட்டுக் காரை யாரும் தொடாததால்தான் அதன் கறுப்பு கறுப்பாக இருந்தது.

பாலிஷ்

பிளாஸ்டிக் ஓரங்களுக்கும் கண்ணாடிகளின் ரப்பருக்கும் டேப் ஒட்டினோம். காம்பவுண்ட் காய்ந்து அவற்றில் வெள்ளையாகப் பிடித்தால் எடுப்பது தனி வேலை. தகட்டின் மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பெயிண்ட் மெலிந்திருக்கும் என்பதால் அவற்றுக்கும் டேப்.

ஒரு தடவைக்கு அரை மீட்டர் சதுரம். பேடில் பயறளவு நான்கு சொட்டு. இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன்பே பேடைப் பரப்பில் வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சுவரெல்லாம் காம்பவுண்ட். நெடுக்காக ஒரு சுற்று, குறுக்காக ஒரு சுற்று என ஐந்தாறு முறை, நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில். பேடின் தாங்கு தட்டில் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தேன். கோடு சுற்றுவது நின்றால் அழுத்தம் கூடிவிட்டது என்று பொருள். இயந்திரம் அதிர்கிறதே தவிர வெட்டுவதில்லை. ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் பேடைத் தூரிகையால் சுத்தம் செய்தோம். அதைச் சலிப்பில் விட்டுவிட்ட ஒரு மணி நேரத்தில் வெட்டு குறைந்து, மூட்டம் கூடியது.

இடது பின்கதவு எதிர்பார்த்தபடியே வேறு குணம் காட்டியது. மறுபூச்சின் கிளியர் கோட் மென்மையானது. காம்பவுண்ட் தேவைப்படவில்லை, நடுத்தரப் பேடிலேயே கீறல் போய்விட்டது. 240 மைக்ரான் இருக்கிறதே என்று துணிந்து தேய்ப்பதும் தவறு. அடியில் பட்டி இருக்கலாம், மேலே கிளியர் கோட் எவ்வளவு என்று கருவி சொல்லாது.

கூரை முடிந்த பின் அளந்தோம்: 118 இருந்த இடத்தில் 116. கருவியின் பிழை எல்லைக்குள் அடங்கும் வித்தியாசம். எச்சத் தடங்களில் ஒன்று மங்கியது, மற்றது நிழலாக நின்றது. விட்டுவிட்டோம்.

டிக்கியின் விளிம்பு

இரண்டாம் நாள் மாலை. மிச்சம் டிக்கி மட்டும். அதன் பின் விளிம்பில் ஒட்டியிருந்த டேப்பை எடுத்துவிட்டேன். டேப் ஓரமாக ஒரு விரற்கடை அகலத்துக்குக் கீறல் மிஞ்சியது கண்ணை உறுத்தியது. "இரண்டே இழுப்பு" என்று சொன்னது நினைவிருக்கிறது. காம்பவுண்ட் பேடை விளிம்பின் மேல் சாய்த்துப் பிடித்தேன். சாய்த்தால் முழு அழுத்தமும் பேடின் ஒரு சிறு பகுதியில் இறங்கும். அது தெரிந்தும் செய்தேன்.

பேடைத் திருப்பியபோது வெள்ளை இழைகளில் கறுப்பு. முதல் நாள் வெள்ளைத் துணியில் இல்லாத அதே கறுப்பு. விளிம்பில் ஒரு நாணய அளவுக்குக் கிளியர் கோட் போய், நிற அடுக்கு மங்கலாகத் தெரிந்தது.

இதைப் பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முடியாது. மேலும் தொடுவது அடுத்த அடுக்கையும் எடுக்கும். இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பெரியவரிடமும் மகளிடமும் காட்டி, நடந்ததைச் சொன்னேன். டிக்கியின் மற்ற பகுதியை நுண் பாலிஷால் மட்டும் முடித்தோம். பெரியவர் கோபப்படவில்லை. "தூணைவிட இது சின்னதுதான்" என்றார்.

அங்கே மையப் பகுதியில் 115 என்று அளந்திருந்தோம். விளிம்பில் அளக்கவில்லை, கருவியின் முனை தட்டையாக உட்கார இடம் வேண்டும் என்பதால் விளிம்பில் வரும் எண்ணை நம்பவும் முடியாது. எண் கையில் இருந்ததே ஒரு பொய்த் தைரியத்தைத் தந்தது என்று இப்போது தோன்றுகிறது.

மேல் பூச்சு

கார் முழுவதையும் மறுபடி ஆல்கஹால் கலவையால் துடைத்து, மெழுகைப் போலப் பெயிண்டைக் காக்கும் செயற்கைப் பூச்சான பாலிமர் சீலன்ட் ஒன்றைப் பூசினோம். கார்னௌபா மெழுகு கறுப்புக்குக் கூடுதல் ஆழம் தரும் என்று சொல்பவர்கள் உண்டு. பிரேசிலின் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து கிடைக்கும் அந்த மெழுகின் மேல் எனக்கும் பிரியம்தான். ஆனால் ஆழம் என்பதில் பெரும்பங்கு பாலிஷ் முடிந்த இடத்திலேயே வந்துவிட்டது. மெழுகு சில வாரங்கள்தான் நிற்கும், சீலன்ட் சில மாதங்கள். பெரியவர் தனியாகப் பராமரிக்கப்போகிறவர் என்பதால் சீலன்ட். மெல்லியதாகப் பூசி, மங்கலாகக் காய்ந்ததும் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் எடுத்தோம். தடியாகப் பூசினால் எடுக்கும்போது கை வலிப்பது ஒன்றுதான் கூடுதல் பலன்.

மொத்தம் சுமார் பதினேழு மணி நேர வேலை. அதில் இயந்திரம் ஓடியது பாதிதான்.

பின்னர் நடந்தது

மூன்று வாரம் கழித்து வெயிலில் பார்த்தபோது கூரையும் பானெட்டும் முடித்த அன்று இருந்தபடியே இருந்தன. பெரியவர் இரண்டு வாளிக்கு மாறியிருந்தார். காலைத் துடைப்பு நின்றுவிட்டது. ஆனால் கைக்கு வேலையில்லாமல் போனது அவருக்குப் பொறுக்கவில்லை என்று மகள் சொன்னார். இப்போது காலையில் கண்ணாடிகளையும் உட்புறத்தையும் துடைக்கிறார்.

மூன்றாம் மாதம் ஓட்டுநர் கதவின் கைப்பிடிக் குழிவில் மெல்லிய கோடுகள் திரும்பியிருந்தன. நகமும் மோதிரமும் செய்த வேலை, எதிர்பார்த்ததே. கையாலேயே நுண் பாலிஷ் போட்டுச் சரிசெய்தோம். டிக்கி விளிம்பின் தேய்ந்த இடம் வெளிறத் தொடங்கியிருந்தது. கிளியர் கோட் இல்லாத நிற அடுக்கை வெயில் விரைவில் கெடுத்துவிடும். அந்த இடத்துக்கு மட்டும் பூசினால் எல்லை தெரியும் என்று பெயிண்டர் சொன்னதால் டிக்கி முழுவதும் மறுபூச்சு பெற்றது. செலவை நான் ஏற்றேன். நிறம் பொருந்தியிருக்கிறது. ஆனால் அதன் பரப்பில் ஆரஞ்சுத் தோல் போன்ற நுண்மேடுகள் மற்ற தகடுகளைவிடக் கூடுதல். தெரிந்து பார்த்தால் பிரதிபலிப்பு அங்கே மட்டும் சற்று நெளியும். புதுப் பூச்சிலிருந்து கரைப்பான் முழுவதும் வெளியேறட்டும் என்று இரண்டு மாதம் அதில் சீலன்ட் பூசாமல் விட்டோம்.

ஆறாம் மாதம் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் தட்டையாகப் படர்ந்தது. சீலன்ட் தேய்ந்ததற்கு அறிகுறி. மறுபடி பூசினோம், பாலிஷ் தேவைப்படவில்லை.

திரும்பச் செய்தால்

விளிம்புகளின் டேப்பைக் காம்பவுண்ட் கட்டம் முழுவதும் முடியும் வரை எடுக்க மாட்டேன். மிஞ்சும் கீறலைக் கையால், நுண் பாலிஷால் மட்டும் தொடுவேன். வேலையை மூன்று நாளாகப் பிரிப்பேன். பிழை நடந்தது அன்றைய வேலையின் எட்டாவது மணி நேரத்தில். மைக்ரோஃபைபர் பேட்கள் நான்கு வைத்திருந்தேன், குறைந்தது எட்டு வேண்டும்.

காரைத் தொடுவதற்கு முன், முதல் நாளே, பெரியவரிடம் அவர் துடைக்கும் துணியைக் கொண்டுவரச் சொல்லி, டார்ச் வெளிச்சத்தில் அவர் கையாலேயே ஒருமுறை துடைத்துக் காட்டச் சொல்வேன்.